பனிக்காலத்தில் போட்ட வத்தல்

எழுபதுகளின் தொடக்கம். தி. நகரில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தோம். திருநெல்வேலியிலிருந்து வந்து அப்பா சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்தார். நான் படிப்பை முடித்துவிட்டு டைப்ரைட்டிங் போய்க்கொண்டிருந்த சமயம், இடது புறங்கையில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்தது. பார்த்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. தை பிறந்தால் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

தோல் டாக்டர் ஒரு மருந்து கொடுத்தார். காலையில் அதைத் தடவி, அந்த இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் வெயில் பட வேண்டும். உடனே கழுவிவிட்டு, அன்று முழுக்க வெயிலே படாமல் மூடி வைக்க வேண்டும். “வெயில் கொஞ்சம் கூடினாலும் கை வெந்து கொப்புளமாகிவிடும், ஜாக்கிரதை” என்று பலமுறை சொல்லி அனுப்பினார்.

வெயிலுக்கு மொட்டை மாடியை விட்டால் வேறு இடமில்லை. ஆனால் ஒட்டினாற்போல் பக்கத்து வீட்டு மாடி. அந்த வீட்டம்மாதான் எங்கள் தெருவின் ரேடியோ. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அவர் வாயில் வந்துவிடும். அவருக்குத் தெரிந்தால் என் கல்யாணம் அவ்வளவுதான் என்று அம்மா நடுங்கினாள். அதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் வத்தல். தினமும் கூழ் காய்ச்சி மாடியில் வத்தல் பிழிவாள். நான் காவல். பெண் பார்க்கும் நேரத்தில் முகம் கறுத்துவிடக் கூடாதென்று தலைக்கு மேல் பெரிய கறுப்புக் குடை வேறு.

“இன்னாக்கா, பனியில போய் வத்தல் போட்டுக்கினு கீறீங்க?” என்று அந்தம்மா கேட்டபோது, “எங்க ஊர்ல இப்பதான் போடுவோம்” என்று அம்மா அசராமல் புளுகினாள். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு. நேரமானதும் கீழிருந்து, “ஏட்டி, வத்தல் காஞ்சிட்டு, இறங்கி வா” என்று குரல் வரும். அதுதான் எங்களுக்குள் அடையாளம். வத்தலோ ஈரம் காயாமல் கிடக்கும்.

ஒருநாள் ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்துவிட்டதென்று அம்மா டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சீக்கிரம் திரும்பிவிடுவதாகத்தான் சொன்னாள். வரிசை நீண்டுவிட்டது. நான் மடியில் வாரப் பத்திரிகையை வைத்துக்கொண்டு தொடர்கதையில் மூழ்கியிருந்தேன். வெயில் ஏறியது தெரியவில்லை. கை மட்டும் குடைக்கு வெளியே நீட்டியபடி இருந்தது.

“வத்தல் காஞ்சிப்போச்சு, எறங்கு பொண்ணே!”

அம்மாவின் குரல் இல்லை. திடுக்கிட்டுத் திரும்பினேன். துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா, கைப்பிடிச் சுவரைத் தாண்டி வாளியோடு வந்துகொண்டிருந்தார். என் கையைப் பிடித்து மளமளவென்று தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஈரத் துண்டால் சுற்றினார்.

“உங்கம்மா தெனம் இந்நேரத்துக்குக் கூவும். இன்னிக்குக் கொரலே காணோமேன்னு பாத்தேன்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றேன். அழுகை வந்துவிட்டது.

“வத்தலுக்குக் காவல் இருக்கிறவ குடைக்குள்ள குந்திக்கினு ஒரு கைய மட்டும் வெளிய நீட்டுவாளா? மருந்து தடவி, வெயில் காட்டிக் கழுவுற வைத்தியம் நான் பாக்காததா? எனக்கு அன்னிக்கே தெரியும். உங்கம்மாவாண்ட சொல்லிடாத, பாவம், பயந்துடும்.”

மறுநாள் கை சிவந்து எரிந்தது. கொப்புளம் வரவில்லை. பிழைத்தேன். அன்றைக்குப் பிறகும் அந்தம்மா, “இன்னாக்கா, இன்னும் வத்தலா?” என்று அம்மாவைக் கேட்பார். அம்மா அதே புளுகைச் சொல்வாள். அவர் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவார்.

தெருவில் ஒருவருக்கும் விஷயம் போகவில்லை. புள்ளி பாதி மறைந்தது, மீதி தங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் பெண் பார்க்க வந்த அன்று நானே கையைக் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகி வருஷக்கணக்கில் அந்த வத்தலைப் பொரித்துத் தின்றோம்.

பக்கத்து வீட்டம்மாவை நன்றாக ஏமாற்றிவிட்டதாகவே அம்மா கடைசிவரை நம்பினாள். நானும் சொல்லவில்லை. இப்போதும் வெயிலில் குடையை விரிக்கும்போதெல்லாம், ஊர் வம்பெல்லாம் பேசிய அந்த வாய் எனக்காக மட்டும் மூடியிருந்ததை நினைத்துக் கண் கலங்கிவிடுகிறது.