குடிக்காதவரின் தள்ளாட்டம்

எங்கள் பக்கத்தில் ஒரு மனுஷன் தள்ளாடி நடந்தால் எவனும் வைத்தியரைத் தேடமாட்டான். எந்தக் கடையில் ஊற்றினான் என்றுதான் கேட்பான். ஊரையும் குற்றம் சொல்ல முடியாது. சரக்கு சல்லிசு என்று விழுப்புரத்துக்காரன் எல்லை தாண்டிப் பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிற சீமை இது. மதகடிப்பட்டில் இறங்கி மருந்துக்கடை எங்கே என்றால் யோசித்துச் சொல்வார்கள்; சாராயக்கடை எங்கே என்றால் கையை நீட்டிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட இடத்தில் பலராமன் தள்ளாடினார். அதுவும் பொழுது சாய்ந்த பிறகு தள்ளாடினார். அப்புறம் கேட்கவா வேண்டும்.

கரியமாணிக்கத்துப் பக்கம் கொஞ்சம் கரும்பும் கொஞ்சம் நெல்லும் வைத்திருந்த மனுஷன். மீசை முளைத்த நாளிலிருந்து டிராக்டர் ஓட்டியவர். சைலன்சர் போன வண்டி. அது வருவது நாலு கழனிக்கு அப்பால் கேட்கும். ஊர் நிலத்தில் பாதியை அவர்தான் உழுதார். குடித்ததும் கொஞ்சநஞ்சமில்லை. மகள் அருள்மொழியின் கல்யாணத்தன்று முழு போதையில் மணமேடையிலேயே போய் விழுந்தார். மாப்பிள்ளை வீட்டார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். காலில் விழுந்து அவர்களைத் திருப்பிக் கூட்டிவந்தது அவர் பெண்டாட்டி கனகாம்பாள்.

மறுநாளே அவரைத் திரௌபதி அம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். மகளை முன்னால் நிறுத்தி, அவள் தலைமேல் அவர் கையை எடுத்து வைத்தாள். இனிமேல் தொட்டால் எம் பொண்ணு வயிறு வெளங்காது என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தாள். அவர் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் காப்பாற்றவும் செய்தார். குடித்தபோது பேசிய ஊர், குடிக்காதபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அருள்மொழிக்கு வருஷக்கணக்கில் பிள்ளை தங்கவில்லை. போகாத கோயிலில்லை. இந்தத் தையில்தான் வயிற்றில் நின்றது. கனகாம்பாளுக்கு அன்றிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரிதான். மகள் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும், அதைத் தவிர அவளுக்கு உலகத்தில் ஒன்றும் இல்லை. புருஷன் தள்ளாட ஆரம்பித்தது அந்த நேரம் பார்த்துத்தான்.

டி.வி. சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும்படி வைத்தார். சோறு போட்டு நாலு தடவை கூப்பிட்டாலும் வரமாட்டார். காதுக்குள்ளே மோட்டார் ஓடுகிறது என்றார். நீ ஓட்டின மோட்டாருதான், ஓடட்டும் என்று அவள் கிண்டல் செய்தாள். பிறகு, கழனியிலிருந்து இருட்டி வீடு திரும்பும்போது காலை அகட்டி அகட்டி வைத்து, சுவரைத் தடவிக்கொண்டு வர ஆரம்பித்தார். ஒருநாள் வாசற்படியிலேயே உருண்டார்.

"தல சுத்துதுடி" என்றார்.

இந்த மனுஷன் குடித்த காலத்திலும் இதையேதான் சொல்வார். தலைசுத்தல், பித்தம், வெயில். ஒரு நாளாவது குடித்தேன் என்று ஒப்புக்கொண்டதில்லை. அன்றைக்கு வாயில் ஏலக்காய் வாசனை வேறு. குமட்டலுக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம், மெல்லுகிறாராம். அந்தக் காலத்தில் நாற்றத்தை மறைக்க மென்றதும் ஏலக்காய்தான். பாவம், அவருடைய உண்மைக்கென்று தனியாக ஒரு அடையாளமும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் முன்னாடியே பொய்க்குச் செலவழித்திருந்தார்.

விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, திரும்பிப் படுத்திருந்தவரின் முதுகைப் பார்த்து அவள் மெதுவாகக் கேட்பாள், குடிச்சியாய்யா என்று. பதில் வராது. பக்கத்து அறையில் மகன் புகழ்வேந்தன் காதில் விழக் கூடாதென்று மெல்லத்தான் கேட்பாள். அவர் அசையமாட்டார். குற்றமுள்ளவன்தான் வாய் திறக்கமாட்டான் என்று அவளும் முடிவு கட்டிக்கொண்டாள்.

பங்காளி தங்கவேல் வந்து, மதகடிப்பட்டில் சாராயக்கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணன் நின்றதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்ன அன்று ராத்திரி அவள் படுக்கவே இல்லை. மறுநாள் காலையில், நல்ல வெளிச்சத்தில், முகத்துக்கு நேரே நின்று கத்தினாள். பலராமனுக்கு அப்போதுதான் விஷயமே விளங்கியது. இத்தனை நாளாக அவள் எதை நினைத்து முகம் கொடுக்காமல் இருந்தாள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அழுதார். கால் நிற்கவில்லை, எது கைக்குக் கிடைக்கிறதோ அதைப் பிடிக்கிறேன், அது எந்தக் கடைச் சுவர் என்று பார்த்தா பிடிப்பேன் என்று கேட்டார்.

"அப்ப காப்பு கட்டிக்கோ" என்றாள் கனகாம்பாள். "தீ மிதிச்சுக் காட்டு. குடிக்கலன்னா அம்மா உன்னத் தாங்குவா."

"கால் நிக்கலடின்னு சொல்றேன்."

"குடிக்காதவனுக்கு ஏன் நிக்காது?"

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று புகழ்வேந்தன் சொல்லிப் பார்த்தான். டாக்டரு காலப் பார்ப்பான், சத்தியத்தப் பார்ப்பானா என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

காப்பு கட்டிய நாளிலிருந்து அவர் கோயிலிலேயே தங்கினார். ஒருவேளைச் சாப்பாடு, மஞ்சள் வேட்டி. அங்கேயும் மாலையானால் தூணைப் பிடித்தபடிதான் இருந்தார். காப்புக் கட்டியும் எவனோ வாங்கிக்கொடுக்கிறான் பார் என்றது ஊர். நாக்கில் எலும்பில்லாத ஊர்.

தீமிதி அன்று அந்தி மயங்கும் நேரம். பம்பையும் உடுக்கையும் ஒலிபெருக்கியும் சேர்ந்து காதைப் பிளந்தன. கரகம் முன்னால் இறங்க, ஒவ்வொருவராக நெருப்பில் ஓடினார்கள். கனகாம்பாள் குழியின் அந்தக் கடைசியில், கால் நனைக்கும் பால்பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றாள். பலராமன் இறங்கினார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓடிவந்தார். பாதித் தூரம் நேராகத்தான் வந்தார். வந்துட்டாரு, வந்துட்டாரு என்று அவள் வாய் முணுமுணுத்தது. அப்போது காற்று திரும்பிப் புகை மொத்தமும் அவர் முகத்தில் அடித்தது. அவர் கண்ணை மூடினார். மூடியதும் யாரோ தோளைப் பிடித்துத் தள்ளினதுபோல் பக்கவாட்டில் சாய்ந்து, இரண்டு கையையும் ஊன்றி நெருப்பில் விழுந்தார்.

கனகாம்பாள் அலறினாள். அலறியது அவர் பேரை இல்லை. அருள்மொழி, அருள்மொழி என்று அடிவயிற்றில் அடித்துக்கொண்டாள். குடித்துவிட்டு இறங்கிவிட்டான் என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. அவளும் அதையே நினைத்தாள். அம்மா காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தாள்.

பிள்ளையார்குப்பத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலும் கையும் மார்பும் வெந்து போயிருந்தது. கேட்ட கேள்விக்கு மனுஷன் பதிலே சொல்வதில்லை என்று சந்தேகப்பட்டு, காது டாக்டரம்மா ஒருத்தியை வரவழைத்தார்கள். அவள் மெஷின் வைத்துப் பார்த்தாள், வீட்டில் நடந்ததையெல்லாம் மகனிடம் கேட்டாள். பிறகு தாயையும் மகனையும் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னாள். கேட்பதற்கு மட்டுமில்லை, மனுஷன் நிலையாக நிற்பதற்கும் காதுக்குள்தான் கருவி இருக்கிறது. இவருக்கு இரண்டு பக்கமும் அது போய்விட்டது. இத்தனை நாளும் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் நின்றிருக்கிறார். வெளிச்சத்தில் சமாளித்துவிடுவார், இருட்டினாலோ கண்ணை மூடினாலோ விழுவார். முன்னாடியே வந்திருந்தால் கைத்தடி கொடுத்து, பயிற்சி கொடுத்து, காதுக்கு மெஷினும் மாட்டியிருக்கலாம், இப்போது மிச்சமிருந்த கொஞ்சக் காதும் அடைத்துவிட்டது என்றாள்.

"குடிச்சவங்க மாதிரியே இருக்குமா?" என்று கேட்டாள் கனகாம்பாள்.

"அப்படியேதான் இருக்கும்மா. இருட்டுல மெதுவா பேசினா ஒண்ணுமே கேட்டிருக்காது அவருக்கு."

கனகாம்பாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதுகைப் பார்த்துக் கேட்ட கேள்விகளெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அருள்மொழிக்கு ஸ்கேன் பார்த்தாயிற்று, பிள்ளை நன்றாக இருக்கிறது என்று அன்று காலையில்தான் போன் வந்திருந்தது. நன்றாக இல்லாமல் எங்கே போகும். சத்தியத்தை மீறினவர் யாரும் அந்த வீட்டில் இல்லையே.

எழுந்து கட்டிலுக்குப் போனாள். புண்ணில் சீழ் பிடித்து ஜுரம் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றிருந்தார்கள். பலராமன் கண் விழித்து அவளைப் பார்த்தார். "நீ குடிக்கலய்யா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். அவர் அவள் உதட்டையே பார்த்தார். ஒன்றும் ஏறவில்லை. குனிந்து காதில் வாயை வைத்துக் கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அவருக்குக் கேட்கவில்லை. எழுதிக் காட்டலாமென்றால் அவருக்கு எழுத்து தெரியாது. காலைத் தொட்டுக் கும்பிடலாமென்றால் தொட இடமில்லாமல் கட்டுப் போட்டிருந்தது.

வேறு வழி தெரியாமல், துணி சுற்றிய அவர் கையை வலிக்காமல் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். நீ குடிக்கல, இது சத்தியம் என்று அவள் தன் பங்குக்குச் சொல்ல நினைத்தாள்.

அவள் தலைமேல் இருந்த தன் கையைப் பலராமன் பார்த்தார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பொண்ணு மேல சத்தியமா குடிக்கலடி" என்றார். "இன்னும் நம்ப மாட்டன்றியே."