ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு லயத்துச் சுவர்

நீங்கள் நல்லதுக்குச் சொன்ன ஒரு விளக்கத்தையே பிடித்துக்கொண்டு யாராவது உங்கள் மேல் பழி போட்டிருக்கிறார்களா? அப்படியானால் வாங்க, பக்கத்தில் உட்காருங்க. வீட்டுக் கொம்பியூட்டர் திருத்துகிற தொழிலில் பெட்டி ஒன்றுதான் வாய் திறக்காது. மற்ற எல்லாரும் ஏசுவார்கள்.

நான் ஸ்பிரிங்வெளியில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பதுளை டவுனில் ஹாஜியாரின் ரேடியோக் கடைக்கு டைப் அடிக்க வந்தேன். கொம்பியூட்டர் திருத்த அங்கே ஒரு பாஸ் இருந்தார். கைவேலை தெரிந்த ஆம்பிளை யாராக இருந்தாலும் எங்கள் ஊரில் அவர் 'பாஸ்'தான். அந்த பாஸ் திடீரென்று சவூதிக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன ஸ்குரூ டிரைவரையும் மூன்று இங்கிலீஸ் புத்தகங்களையும் நான் எடுத்துக்கொண்டேன். பின்னறையில் மகளுக்குச் சேலைத் தொட்டில் கட்டி, ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையால் அகராதி புரட்டிப் படித்த படிப்பு இது. ஹாஜியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "யாரட சரி சாமான் உங்கட கையால அழிஞ்சா, அண்டைக்கே திரும்ப டைப்ரைட்டருக்குப் போகணும், புள்ள."

இந்த வருசம் என்னால் அழிந்துபோனதாக ஒரு மனிதர் ஊரைக் கூட்டிச் சொன்னது, எங்கள் அம்மாவின் பிரஜாவுரிமைக் கடதாசியை. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் இன்னும் இரண்டு எரிச்சலை இறக்கி வைக்க வேண்டும்.

எட்டு எங்கே?

யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர், கண்ணியமான மனிதர், வீட்டுக்குப் புதுக் கொம்பியூட்டர் வாங்கினார். மூன்றாம் நாள் பெட்டியோடு வந்து நின்று, கவுண்டருக்குப் பின்னால் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "பாஸ் எங்கை?" என்றார். நான்தான் என்றேன். அது காதில் விழாத மாதிரி, "நாற்பது எண்டு சொல்லித்தானே வாங்கினனான். முப்பத்திரண்டுதான் காட்டுது. மிச்சம் எட்டு எங்கை?" என்றார். ஹார்ட் டிஸ்க்கின் அளவைச் சொல்கிறார். கொம்பியூட்டரை ஓட்டுகிற இந்த டொஸ்ஸுக்கு ஒரே துண்டாக முப்பத்திரண்டு மெகாபைட்டுக்கு மேல் கண் தெரியாது. அதனால் விற்கும்போதே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்துத்தான் கொடுப்போம். பெரிய துண்டுக்கு C என்று பெயர், சின்னதுக்கு D.

D என்று தட்டி எட்டையும் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கூட்டிப் பார்த்தார். நாற்பது சரியாக வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம், இப்போது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று. வந்தது.

"சரி பிள்ளை, பாஸ் வந்தவுடனை இதை ஒருக்காப் பாத்துச் சரியோ எண்டு சொல்லச் சொல்லும்."

யாரும் தொடவில்லை

பண்டாரவளை மரக்கறி வியாபாரி ஒருவர் வீட்டில் கொம்பியூட்டர் எழும்பவே மாட்டேன் என்கிறது என்று ஆள் அனுப்பினார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். முதலாளி தொடவில்லை. முதலாளியின் பெண்சாதி தொடவில்லை. மச்சான்காரர் அந்த அறைக்குள் போனதே இல்லை. பிளொப்பித் தகட்டைப் போட்டு எழுப்பிப் பார்த்தால், எந்தத் துண்டிலிருந்து எழும்புவது என்ற அடையாளத்தை யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். அதை எடுக்க நாலு இடத்தில் நம்பர் தட்ட வேண்டும். பூனை நடந்து தட்டுப்படுகிற காரியம் இல்லை. மச்சான்காரர் மட்டும் ஜன்னல் வழியாக முட்டைக்கோஸ் லொறியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடையாளத்தைத் திரும்பப் போட ஒரு நிமிசம். பிறகு வழக்கம்போல ஒரு துண்டுக் கடதாசியில் ஒவ்வொரு துண்டும் எந்த நம்பரில் தொடங்கி எந்த நம்பரில் முடிகிறது என்று எழுதி, பெட்டி மூடியின் உள்பக்கம் பசை போட்டு ஒட்டினேன். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிள்ளை பிறந்தால், எழுதத் தெரிந்த யாரையாவது பிடித்துத் தேதியை எழுதி வாங்கித் தகரப் பெட்டி மூடிக்குள் ஒட்டி வைப்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம். அந்த வீட்டு அம்மா அதைப் பார்த்துச் சிரித்தது போதாதென்று முதலாளி சொன்னார்:

"ஒரு நிமிச வேலைக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீங்க? தெரிஞ்சிருந்தா நாங்களே செஞ்சிருப்போமே!"

பக்கத்துக் காம்பரா

ஹாலிஎலவில் ஒரு மாஸ்டர் இருக்கிறார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஸ் படிப்பிக்கிறவர். பிரஜாவுரிமைக்குச் சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டிய சனங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து எல்லாம் எழுதித் தருகிறார். அதற்காக நான் அவரை மதிக்கிறேன், இன்றைக்கும். பாதிப் பேருக்குப் பிறந்த தேதி தெரியாது. "மண்சரிவு வந்துச்சே, அதுக்கு அடுத்த தீபாவளிக்கு" என்பார்கள். அவர் பொறுமையாகக் கணக்குப் பார்த்து, சொல்லச் சொல்ல, ஆளுக்கு ஒரு பக்கமாகக் கொம்பியூட்டரில் லிஸ்ட் அடிப்பார். எங்கள் அம்மாவின் பக்கமும் அதில் இருந்தது. அச்சடிக்கும் மெசின் அவரிடம் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு எங்கள் கடையில் அடிப்பதாகப் பேச்சு.

மருமகன் கொடுத்த பழைய பெட்டி அது. C நிறைந்துவிட்டது, D வெறுமையாகக் கிடக்கிறது. இடம் இல்லை என்று மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். நான் லயத்துக் கணக்கில் சொன்னேன்: "மாஸ்டர், இது ரெண்டு காம்பரா. நடுவுல ஒரு சுவர். உங்க காம்பரா நெறஞ்சிருச்சு, பக்கத்துக் காம்பரா சும்மா கெடக்கு. இனிமே லிஸ்டெல்லாம் அங்க கொண்டுபோய் வைங்க." பழைய லிஸ்டுகளையும் நானே D-க்கு மாற்றிக் கொடுத்து, நம்பர் துண்டையும் மூடிக்குள் ஒட்டினேன். பிளொப்பியில் ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொன்னேன். இந்தப் பனியில் பிளொப்பி பூஞ்சணம் பிடிக்கும் என்றார். விளக்கம் மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"காம்பரான்னு சொன்னீங்க பாருங்க தங்கச்சி, இப்ப எல்லாமே வெளங்கிருச்சு!"

தூசி

எவ்வளவு விளங்கியது என்பது இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெரிந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குச் சமாதான நீதவான் வருகிறார், சனங்கள் அவர் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும், அதற்கு முதல் அச்சடிக்க வேண்டும். மாஸ்டர் பெட்டியைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். கடையில் ஏழெட்டுப் பேர். வாசலிலிருந்தே தொடங்கினார்: "உங்க பேச்சைக் கேட்டுத்தான் எல்லாம் போச்சு! ஒரு பொம்பளையை நம்பிச் சனத்தோட பேரையெல்லாம் குடுத்தேன் பாருங்க!"

நடந்தது இதுதான். C-க்கும் D-க்கும் நடந்து நடந்து அவருக்கு அலுத்துப் போயிருக்கிறது. லயத்தில் குடும்பம் பெருகிப் பக்கத்துக் காம்பரா காலியானால், தோட்டத்துத் துரையிடம் கேட்டு நடுச்சுவரை உடைத்து ஒன்றாக்கிக் கொள்வார்கள் இல்லையா? அடுப்பில் சோறு வெந்தபடி இருக்கும், சுவர் போய்விடும். அதே மாதிரி மாஸ்டரும் மருமகன் வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்து, பிரிக்கிற கட்டளைக்குள் போய் D-யை அழித்துவிட்டார். C பெரிதாகவில்லை. D இருந்த இடமே தெரியவில்லை. லிஸ்ட் முழுக்க அதற்குள்.

எனக்குக் கோபம் வந்தது. மலையில் கொழுந்து எடுக்கிற சனம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டு வந்து சொன்ன பேர்கள். எங்கம்மா இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் என்னைப் பெற்று, இன்னும் எந்த நாட்டுக்காரி என்று எழுதித் தரக் கடதாசி இல்லாதவள். அந்தப் பேர்கள் இருந்த இடத்தைச் சுவர் என்று நினைத்து உடைத்துவிட்டு, என்னையே கடை நடுவில் வைத்து ஏசுகிறார். நானும் குரலைக் குறைக்கவில்லை. "அழிக்கிறதுக்கு முன்னாடி, உள்ள இருக்கிறதெல்லாம் போயிரும்னு இங்கிலீஸ்ல கேட்டிருக்குமே மாஸ்டர்! நீங்க இங்கிலீஸ் மாஸ்டர்தானே? வாசிக்கலையா?" என்று கத்தினேன். தொட்டிலில் பிள்ளை விழித்து அழுதது. மாஸ்டர் சாக்கை மடித்துக்கொண்டே, குரல் இறங்கிச் சொன்னார்:

"வாசிச்சேன் தங்கச்சி. சுவர் ஒடைக்கும்போது தூசி பறக்கும், அதைத்தான் சொல்லுதுன்னு நெனச்சேன்."

முருகனுக்குப் பின்னால்

அழுகிற பிள்ளையை ஹாஜியாரின் மனைவி தூக்கிக்கொண்டார். ஹாஜியார் என்னையே பார்த்தார். டைப்ரைட்டர் மூலையில் உறை போட்டுக் காத்திருந்தது. நான் சொன்னேன்: "சாமான் அங்கதான் கெடக்கு. சுவர் எங்க இருந்துச்சுங்கிற குறிப்புதான் போயிருக்கு. அதே எடத்துல அதே சுவரைத் திரும்ப எழுப்பணும், போர்மட் பண்ணித் துடைக்க மட்டும் கூடாது. ஒரு நம்பர் தள்ளிப் போனாலும் பானை ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம்." அந்த நம்பர் மூடிக்குள் ஒட்டிய துண்டில் இருக்கிறது. மூடியைக் கழற்றினேன். துண்டைக் காணோம். அந்த இடத்தில், வேலும் மயிலுமாக முருகன் சிரித்துக்கொண்டு நின்றார்.

"பெட்டி நல்லா ஓடணும்னு நாந்தான் ஒட்டினேன்," என்றார் மாஸ்டர். என் துண்டின் மேலேயே ஒட்டியிருக்கிறார், அதுவும் கோதுமை மாவுப் பசை தாராளமாகப் பூசி. உரிக்கப் போனால், "சாமி படத்தைக் கிழிச்சிராதீங்க!" என்று கையைப் பிடிக்கிறார். நான் வாயைத் திறந்திருந்தால் முருகனுக்கே கேட்டிருக்கும். அப்போது ஹாஜியார் உள்ளே போய், பிளேன்டீக்குக் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலைத் தானே தூக்கி வந்து, அதன் மூக்கைப் படத்துக்கு நேராகப் பிடித்தார். "ஆவி படட்டும். மெதுவா எடுங்க புள்ள, சாமிக்கு நோகாம," என்றார்.

முருகன் முழுசாக வந்தார். துண்டில் மை கரைந்திருந்தது. தொடக்கம் 306, சந்தேகமில்லை. முடிவு 613-ஆ 618-ஆ? அந்த டிஸ்க்கில் நம்பரே 615 வரைக்கும்கூட இல்லை, அதனால் 618 ஆக இருக்க முடியாது. 613 என்று தட்டினேன். பெட்டியை நிறுத்தி எழுப்பி, D என்று போட்டு, உள்ளே இருப்பதைக் காட்டச் சொன்னேன். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு பேர்கள் வரிவரியாக இறங்கின. பிளொப்பியை எடுத்து மாஸ்டர் கண் முன்னால் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்தேன். வெள்ளி பின்னேரமும் சனிக்கிழமை முழுதும் மெசின் கறகறவென்று அடித்துக்கொண்டே இருந்தது. போகும்போது மாஸ்டர் வாசலில் தயங்கி நின்றார்.

"அந்த நம்பரை இன்னொரு துண்டுல எழுதிக் குடுங்க தங்கச்சி. இந்தத் தடவை முருகனுக்கு மேல ஒட்டுறேன்."

தொழில்

திங்கட்கிழமை அம்மாவோடு நானும் போனேன். பள்ளிக்கூட மைதானத்தில் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நிற்கிற மாதிரி வரிசை. அம்மாவின் கடதாசி கைக்கு வந்ததும், எழுத்துத் தெரியாத அவளுக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினேன். அம்மா பெயர் சரி. தாத்தா பெயர் சரி. பிறந்த இடம் ஸ்பிரிங்வெளி. பிறகு பிள்ளைகள் விபரம்: என் பெயர், என் வயது, அதற்கு எதிரே தொழில் என்ற கட்டத்தில், 'வீட்டில் சும்மா இருக்கிறார்.'

அச்சடிக்கும்போது ஒவ்வொரு பக்கமாக நான்தான் கிழித்து அடுக்கினேன். இதைக் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி இப்போது வந்தது. மேசைக்குப் பின்னால் மாஸ்டர் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைத் தட்டிவிட்டு, வாசித்ததைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். இத்தனை நாளில் என் தொழிலைப் பற்றி நான் கற்றுக்கொண்டது, சுவரைத் திரும்பக் கட்டி முடித்த பிறகும் கட்டினவள் வெளியில்தான் நிற்க வேண்டும் என்பதைத்தான்.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வரிசையை விட்டு விலகி நேரே மேசைக்குப் போய்க் கடதாசியை மாஸ்டர் முன்னால் வைத்தாள்.

"நான் அப்புறமா கைநாட்டு வைக்கிறேன் மாஸ்டர். மொதல்ல எம் மகளுக்கு எதிர்ல இருக்கிறதை வெட்டிட்டு, அவ கொம்பியூட்டர் பாஸுன்னு எழுதிக் குடுங்க."