குளிக்கிறதுக்கு முன்னாடி

எம் மகளுக்கு மூணரை வயசு. வாய் ஓயாம பேசுவா. என்ன பேசுறாங்கிறது கடவுளுக்குத்தான் வெளிச்சம். இன்னும் கொஞ்ச நாள்ல பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். அங்கன போயி வயித்து வலின்னு சொன்னாக்கூட யாருக்குப் புரியும்?

தெருவுல ஆளுக்கொரு வைத்தியம். நாக்குல வசம்பு தடவுன்னு ஒருத்தி. பகல்ல பிள்ளையைப் பாத்துக்கிற பக்கத்து வீட்டு மதினியோ, "தானா வந்துரும், சும்மா இரு"ன்னாக. எதைக் கேக்க, எதை விட? மண்டை காஞ்சு போச்சு.

லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா காதைச் சோதிச்சுட்டு, "காது நல்லாருக்கு. நீங்க புரியாமலே சரி சரின்னு தலையாட்டுறீகளோ?"ன்னாக. எப்படித்தான் கண்டுபிடிச்சாகளோ! "குனிஞ்சு முகத்தைப் பாருங்க. சொல்லி முடிக்கட்டும். புரியலைன்னா புரியலைன்னே சொல்லி, காமிக்கச் சொல்லுங்க. மாசாமாசம் கூட்டிட்டு வாங்க." இம்புட்டுத்தானா வைத்தியம்? எனக்குக் குழப்பம் கூடித்தான் போச்சு.

குனியவா எனக்கு நேரம்? ஏழாயிரம்பண்ணை பட்டாசு ஆலையில வெடிக்கு மருந்து அடைக்கிற வேலை. வேன்ல வந்து இறங்கையில தலையிலருந்து கால் வரைக்கும் வெள்ளிப் பவுடர். அந்த மருந்து பிள்ளைக்கு ஆகாது, எங்க பக்கம் எந்தத் தாயும் அந்தக் கோலத்துல பிள்ளையைத் தொட மாட்டா. நேரா குளிக்கத்தான். இவ வேன் சத்தம் கேட்டதும் ஓடி வந்து என்னமோ சொல்லுவா, தினமும் அதே சத்தம். "கிட்ட வராதத்தா! சரி சரி, அப்புறம்"னு கத்திக்கிட்டே பாத்ரூம் கதவைச் சாத்துவேன். குளிச்சுட்டு வந்து கேட்டா வாயே திறக்க மாட்டா.

ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளும் ஓடி வந்தா. மூக்கு வாயை மூடிக் கட்டியிருந்த துணியை அவுத்துட்டு, நாலடி தள்ளிக் குத்த வச்சு உக்காந்தேன். சொன்னா. புரியலை.

"அம்மாவுக்குப் புரியலைத்தா. காமி."

முழிச்சா. திரும்பச் சொன்னா. அப்பவும் புரியலை. எரிச்சலா வந்துச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

விறுவிறுன்னு போயி பாத்ரூம் கதவை இழுத்துச் சாத்தினா. ரெண்டு கையையும் விரிச்சு, அதுல முதுகை ஒட்டி நின்னா.

"அம்மா குளிக்கப் போகக் கூடாதா?"

ஆமான்னு தலையாட்டினா. ஆட்டிக்கிட்டே அழுதா. தூக்கவும் முடியாது, உடம்பெல்லாம் பவுடர். இத்தனை நாளும் அதுக்குத்தான் "சரி சரி"ன்னு சொல்லிட்டு, அந்தக் கதவைச் சாத்தியிருக்கேன்.