சால்ட் லேக்கில் தவராசா அண்ணன் சொல்லிவிட்ட வருடம்

தவராசா அண்ணன் போய்விட்டார் என்று அவர் வீட்டிலிருந்து வசந்தி போன் செய்தபோது நான், நாங்கள் இருவரும் வேலை செய்த மனுரேவா கிடங்கின் கார் பார்க்கில் நின்றிருந்தேன். வழக்கமாக என் காரில் வருகிறவர், நெஞ்சு கொஞ்சம் அடைக்கிறது, இன்றைக்கு லீவு என்றிருந்தார். "டாக்டரைப் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன். மதியத்துக்குள் ஆள் இல்லை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். கோபக்காரர், அதைவிடக் கிண்டல்காரர். மதுரைக்காரனான என்னைப் பார்த்து, "உங்கட சாம்பாரிலை எங்கட ஆக்கள் கை கழுவுவினம் தம்பி" என்பார். பிறகு என் டப்பாவைத்தான் முதலில் திறப்பார்.

லின்ஃபீல்டில் அவரும் மனைவியும், தம்பி மனைவி வசந்தியும் ஒரே வீடு. தம்பி ரவி போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். வசந்தி இன்றும் தாலியும் குங்குமமுமாக இருக்கிறார். அந்த வீட்டில் ரவிக்குத் திவசம் கிடையாது. பிறந்தநாளன்று கோயிலில் அர்ச்சனை உண்டு.

சென்ற ஆண்டு டொரண்டோவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, சால்ட் லேக் சிட்டியில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டார். ஒரு முழுப் பகல் கையில். மோர்மன் சபையினர் முன்னோர் பெயர்களைத் தேடிச் சேர்த்துவைக்கும் நூலகத்துக்கு வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார்.

"தேத்தண்ணி கேட்டன். தாங்கள் குடிக்கிறேல்லையாம். சுடச்சுடச் சொக்லேட் கலந்து தந்தினம். தேத்தண்ணி குடிக்காத சனத்துக்கு இவ்வளவு பட்சமோ எண்டு யோசிச்சன்" என்று காரில் சிரித்தபடிதான் ஆரம்பித்தார். அங்கே தொண்டு செய்த ஒரு வயதான அம்மா அவரைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, அப்பா, தாத்தா என்று பெயர்களைக் கேட்டு ஏற்றியிருக்கிறார். கூடப்பிறந்தவர்கள் என்று கேட்டதும் இவர் ரவியின் பெயரையும் சொல்லிவிட்டார். இறந்த வருடம் தெரியாவிட்டால் காலியாக விடலாம் என்றிருக்கிறார் அந்த அம்மா. இவர் போர் முடிந்த வருடத்தைச் சொன்னார்.

"ஏண்ணே சொன்னீங்க?"

"உன்ரை தம்பி எப்பிடிப்பட்டவன் எண்டு அவ கேட்டவ. அவனைத் தேடி எத்தினை ஒஃபீஸ் ஏறி இறங்கினன்! நம்பர் கேட்டாங்கள், போட்டோ கேட்டாங்கள். ஒருத்தரும் இப்பிடிக் கேட்கேல்லை. வாய் தவறிச் சொல்லேல்லை தம்பி. களைச்சுப்போய்ச் சொன்னனான்."

எங்கள் கிடங்கில் வேலை செய்யும் சியோனே தொங்கா நாட்டுக்காரர், மோர்மன். குடும்பத்தார் விரும்பினால், இறந்தவருக்குப் பதிலாக ஒருவர் நின்று ஞானஸ்நானம் பெறும் வழக்கம் தங்களிடம் உண்டு என்று அண்ணனிடம் பெருமையாக விளக்கினார். அண்ணன் குதிப்பார் என்று நினைத்தேன். குதிக்கவில்லை.

"அவை நல்லதுதானே நினைக்கினம். நானெல்லோ அவனைச் செத்தவன் எண்டு எழுதுவிச்சுப்போட்டன்! வசந்தியின்ரை முகத்தைப் பார்க்க ஏலாமல் கிடக்கு. பேரை எடுக்கச் சொல்லி இங்கிலீஷிலை ஒரு மெயில் எழுதித் தா."

"பாத்துக்கலாம்ணே" என்றேன். வாராவாரம் கேட்டார். வாராவாரம் அதையேதான் சொன்னேன். சோம்பேறித்தனம் மட்டுமில்லை. ரவி உயிரோடு இல்லை என்றுதான் நான் நம்பினேன். ஓரிடத்திலாவது உண்மை எழுதியிருக்கட்டுமே என்று எனக்குள் ஒரு திமிர். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்து புறப்படும்போது வசந்தி வாசல்வரை வந்தார். தவராசா அண்ணனை அவர் அத்தான் என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணா, அத்தான் கன நாளாய் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. நான் என்ன பிழை விட்டனான் எண்டு உங்களிட்டைச் சொன்னவரோ?"

ஐயோ, அவர் மேல் என்ன பிழை! முழுவதையும் சொல்லிவிட்டேன். நான் எழுதாததையும் சொன்னேன். அவர் அழவில்லை.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம். நானும் களைச்சுப்போய்த்தானே இருக்கிறன்" என்றார். பிறகு, "பேரை எடுக்க வேண்டாம். அவற்ரை பேர் எங்கையாவது இருக்கட்டும். வருசத்தை மட்டும் எடுக்கச் சொல்லி எழுதுங்கோ. அவர் என்னோட கதைக்காததைக் கண்ட மற்ற ஆக்களுக்கும் சொல்லுங்கோ, அத்தான் பிழையானவர் இல்லை எண்டு."

அதனால்தான் அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அந்த மெயிலை அன்றைக்கே அனுப்பினேன். பத்து நிமிட வேலை. ஏழு மாதம் அந்த மனிதர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார், அந்த ஏழு மாதமும் தன் வீட்டிலேயே தலைகுனிந்து நடந்தார். இனி அவரைப் பற்றி எந்த நல்லதை நினைத்தாலும் இதையும் சேர்த்துத்தான் நான் நினைக்கவேண்டும். எனக்கென்று அவர் விட்டுப்போனது இது.