பௌலியாசி மாமா நின்று எடுத்த படம்

எங்கள் தீவு ஊரான நெயாஃபுவின் கல்லறைகளில் இறந்தவர் படத்தோடு நிற்கும் பேனர்களில் பாதிக்கு மேல் பௌலியாசி மாமா எடுத்த படங்கள்தான். துறைமுகத்துக்கு மேலே மேட்டில் அவருடைய ஸ்டுடியோ இருந்தது. பாஸ்போர்ட்டுக்கும் ஞானஸ்நானத்துக்கும் வருகிறவர்களிடம், "ஒழுங்கா நில்லுங்க. இந்தப் படம் கடைசியில எங்க போய் நிக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்பார். சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கி முகம் சும்மா இருக்கும் நொடியில் எடுத்துவிடுவார். அவரை மட்டும் யாரும் எடுத்ததில்லை. எங்கள் குடும்பப் படங்கள் எதிலும் அவர் கிடையாது.

சர்க்கரை நோய் அவருடைய வலது பாதத்தைக் கறுக்க வைத்தது. பெரிய தீவின் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார்கள். மாமா மறுத்துப் பேசவில்லை. கப்பல் ஏறுவதற்கு முன் ஒரு படம் வேண்டும் என்று மட்டும் சொன்னார். இரண்டு காலில் நிற்கிற முழு உருவப் படம். அவருடைய கல்லறைக்கு.

"நான் எடுக்கட்டுமா மாமா?" என்று கேட்டேன். கடல் கடந்து சுவாவில் பட்டம் முடித்து அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எதற்காவது பயன்பட வேண்டும் என்ற தவிப்பு இருந்தது.

"வேணாம். நீ பாவம் பாத்துக்கிட்டே எடுப்ப. அது படத்துல தெரியும்."

காலையிலேயே வேலை தொடங்கிவிட்டது. திரையில் வரைந்திருந்த தென்னையும் கடலும் வேண்டாம் என்று, அதன் மேல் சாம்பல் நிறப் போர்வையைத் தொங்கவிடச் சொன்னார். ஜன்னலுக்கு வெள்ளைப் படுக்கை விரிப்பு. எதிர்ப்பக்கம், சாயம் ஏற்றாத மரப்பட்டைத் துணி. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு மெதுவாகத் திரும்பி வந்தது.

"நம்ம முகத்துக்கு வெளிச்சத்தை நேரா அடிக்கக் கூடாது. பக்கவாட்டுல சறுக்கி வரணும். எலும்பு தானா எழுந்து வரும்" என்றார் ஸ்டூலில் உட்கார்ந்தபடி.

அவர் நிற்க வேண்டிய இடத்தில் அவருக்குப் பதிலாக நான் நின்றேன். உயரம் போதாததால் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்றேன். என் தலை இருந்த இடத்துக்கு முகத்தின் வெளிச்சம் அமைந்தது. கால்தான் அவருக்குப் பெரிய பாடாக இருந்தது. மரியாதைக்காக நாங்கள் உடைக்கு மேல் இடுப்பில் கட்டுகிற பாயின் நிழல் பாதத்தில் விழுந்துவிடும்.

"முகம் இருட்டாப் போனாக்கூடப் பரவால்ல. கால் தெரியணும்."

காவா பானம் கலக்கும் பெரிய மரக்கிண்ணத்தை இடப்பக்கம் வைத்தார். அதன் மறைவில், பெட்டியை ஒட்டி, படகுப் பட்டறையில் வாங்கிய கம்பி வலை போட்ட விளக்கைத் தரையில் வைக்கச் சொன்னார். கேமராவுக்குப் பின்னால் அலமாரிக் கண்ணாடியைக் கழற்றிச் சாய்த்தோம், தன்னைத் தானே பார்த்துக்கொள்ள. படம் எடுக்கும் பொத்தான் அவர் கைக்குள் இருந்தது.

அவர் மனைவி கலெசிதா அத்தை அவருக்குப் பாயைக் கட்டிவிட்டாள். "உங்க தொப்பைக்குத் தனியா ஒரு கேமரா வேணும்."

"நீ ஊட்டினதுதான். நல்லா இறுக்கு."

பெட்டியை எடுத்துவிட்டு அவரைக் கொண்டுபோய் நிறுத்தினோம். கறுத்த காலைப் பின்னால் நிழலில் விட்டு, நல்ல காலை முன்னால், விளக்குப் பக்கமாக வைத்துக்கொண்டார். அந்தக் காலும் மரத்துப்போய் வெகுநாளாகியிருந்தது. கறுத்த காலைப் பற்றிய பேச்சில் அதை யாரும் நினைக்கவில்லை.

அப்போது அம்மா வந்தாள். மாமாவுக்கு அவள் அக்கா. அக்காவும் தம்பியும் ஓர் அறையில் நின்று பேசுவது எங்களிடம் இல்லை. அக்கா சொல்லைத் தம்பி தட்டுவதும் இல்லை. அம்மா வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"கலெசிதா, கப்பல்ல ஆள் ஏத்துறாங்க. வரச் சொல்லு."

அத்தை உள்ளே திரும்பினாள். "அக்கா கிளம்பச் சொல்றாங்க."

மாமாவின் முகம் விழுந்தது. "அக்காகிட்ட கேளு. இந்தப் படம் ஒண்ணு மட்டும்."

வெளியிலிருந்து அம்மா சொன்னாள்: "சரி. மனசுக்குப் பிடிச்ச மாதிரி வர்ற வரைக்கும் நிக்கச் சொல்லு."

அவர் நின்றார். ஒரு படத்தில் கண் மூடியிருந்தது. இன்னொன்றில் தாடை தூக்கியிருந்தது. கேமராவின் திரையை நான் திருப்பிக் காட்டுவேன்; தலையசைப்பார், மறுபடி கண்ணாடியைப் பார்ப்பார். வியர்வையை அத்தை ஒற்றி எடுத்தாள். பிறகு மூக்கைச் சுருக்கினாள்.

"யாரு வீட்டுல இந்நேரத்துக்குப் பன்னி வாட்டுறாங்க?"

"சும்மா இரு. சிரிப்பு வருது" என்றார் மாமா. வந்த சிரிப்பு அடங்கியது. பொத்தானை அழுத்தினார்.

"காட்டு." திரையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "வந்துருச்சு."

நகர்வதற்காகக் காலைத் தூக்கியபோது விளக்கின் கம்பி வலையும் தோலில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. செருப்பில் ஏறிய முள்ளை உதறுவது போல அதை உதறினார். கீழே பார்க்கவே இல்லை. அவர் கண் இன்னும் திரையில் இருந்தது. அத்தைதான் அலறினாள்.

ஆஸ்பத்திரியில் கறுத்த காலை எடுத்தார்கள். தீப்புண் ஆறாமல் அழுகியதால் சில வாரங்களில் மற்றதையும் எடுத்தார்கள்.

சக்கர நாற்காலியில் ஊர் திரும்பியதும் அந்தப் படத்தைக் கேட்டார். அத்தை எடுத்துத் தர மறுத்தாள். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்து, யாரோ வாடிக்கையாளருடைய படத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "பாதத்துல வெளிச்சம் சரியா விழுந்துருக்கு" என்றார். அவருக்கு அது ஆறுதலா, அல்லது வேறு எதையும் பேசாமல் இருப்பதற்கான வழியா? படித்தவள் என்று என்னிடம் கேட்டவர்களுக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மாமா இறந்தார். சாவு வீட்டில் எல்லாவற்றுக்கும் அக்காவான அம்மாவின் சொல்தான். பேனர் அடிக்கும் பேச்சு வந்தபோது கலெசிதா அத்தை அம்மாவின் எதிரில் பாயில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணி, தோள் வரைக்கும் வெட்டிப் போடச் சொல்லுங்க. அந்தக் காலை நான் தினமும் பாக்கணுமா?"

அம்மா அழவில்லை. தலையை நிமிர்த்திச் சொன்னாள்:

"முழுசாப் போடட்டும். நிக்கச் சொன்னது நான்."

பேனர் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. கப்பலில் இருந்து இறங்கி மேடேறி வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது மாமாவின் பாதங்கள்தான். சனிக்கிழமைகளில் கலெசிதா அத்தை கல்லறை மணலைப் பெருக்க வருகிறாள். பெருக்கி முடித்ததும் பேனருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறாள்.