மாப்பிள்ளை முறித்த மிளகாய்ச் செடி

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஆறு பேரையும் திட்டித்தான் வளர்த்தேன், ஒருவரும் கெட்டுப்போகவில்லை. எனக்குக் கையெழுத்துப் போடவும், பஸ்ஸில் ஊர்ப் பெயரைக் கூட்டிப் படிக்கவும் தெரியும். அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்குக் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். வந்தவரை ராஜா மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். மாமியார் அவர் முகம் பார்த்துப் பேசுவதே மரியாதையில்லை என்னும்போது, திட்டுவது எப்படி?

கடைசி மகளின் மாப்பிள்ளை துபாயிலிருந்து நீண்ட லீவில் வந்தார். வந்ததும் வராததுமாக மோட்டார் சைக்கிளைப் பின்பக்கமாகத் தள்ளி, வாசலில் பெயிண்ட் வாளியில் நின்ற என் மிளகாய்ச் செடியில் இடித்தார். பூவும் பிஞ்சுமாக இருந்தது. தண்டு முறிந்து, ஒரு பக்கத்துத் தோலில் தொங்கியது. விதைக்கென்று எடுத்து வைத்ததெல்லாம் மழையில் பூசணம் பிடித்துவிட்டது. இந்தச் செடி போனால் அந்த மிளகாய் இனமே போச்சு.

நான் கதவுக்குப் பின்னால் நின்று வண்டியைத் திட்டினேன். "கண்ணு அவிஞ்ச வண்டி! அவ்வளவு பெரிய வாளி தெரியலையா?"

மாப்பிள்ளையும் வண்டியைத்தான் பார்த்தார். பிறகு என் மகளிடம், "நர்சரியில வேற செடி வாங்கியாறேன்னு உங்க உம்மாகிட்ட சொல்லு" என்றார்.

"வேற மாமியாரும் அங்கேயே கிடைக்குமான்னு கேட்டுட்டு வரச் சொல்லு" என்றேன்.

மகள் இரண்டையும் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்குச் சிரிக்கவே நேரம் போதவில்லை.

முறித்தவரே கட்டட்டும் என்று விட்டேன். அவர் மகள், என் பேத்தி, நடுவில் நின்றாள். "தண்டை நிமித்தி, வெளக்கமாத்து ஈர்க்கு ரெண்ட வச்சு, பழைய சேலைத் துணியால கட்டச் சொல்லு புள்ளே. கழுத்த நெரிக்கிற மாதிரி இல்ல, பதமா." அவர் கட்டினார். "இப்ப பூவையும் பிஞ்சையும் கிள்ளச் சொல்லு."

"இத்தனை பிஞ்சா? பாவமில்லையா?"

முறித்தபோது வராத பாவம் கிள்ளும்போது வந்துவிட்டது.

"அடிபட்டுக் கெடக்கறது புள்ளைங்களையும் எப்படிச் சுமக்கும்னு கேளு" என்றேன். கிள்ளினார். வாளியை நிழலுக்கும் நகர்த்தினார்.

இலையெல்லாம் துவண்டுதான் போனது. நான் நம்பிக்கையை விட்ட பிறகு, காயம் முடிச்சு மாதிரி திரண்டு, அதற்குக் கீழே துளிர் விட்டது. அன்றிலிருந்து மாப்பிள்ளை வைத்தியராகிவிட்டார். அவரைப் பார்க்க வந்தவர்களையெல்லாம் வாளிக்கு அழைத்துப்போனார். "செத்த செடிங்க. நான்தான் பொழைக்க வச்சேன்!"

யார் முறித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நான் முறை தவறாதவள். கதவுக்குப் பின்னாலிருந்து டீ அனுப்பினேன்.

இப்போது புதுக்கிளையில் பழுத்ததை விதைக்குக் காயப் போட்டிருக்கிறேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி இதை எழுதுகிறாள். அவள் வாப்பா வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

எழுதுனது போதும் புள்ளே, ஒரு தடவ படி பாப்போம். சத்தமா படி, வாசல் வரைக்கும் கேக்கட்டும். நான் அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல, ஆமா.