கணவாய் மதிலில் இல்லாத கதவு

கல் குவாரியை விட்டு நடந்துகொண்டிருந்தோம், நானும் என்னோடு கல் உடைத்த கன்னையாவும். அவனுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், படுத்துக் கிடப்பவனுக்கு அங்கே சோறு கிடையாது, அதனால் மலையைத் தாண்டிப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்று அவன் கையை என் தோளில் போட்டு இழுத்து வந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கும். சுடுகாட்டுக் கொட்டகையில் படுத்துத் தூங்கியவன் நான், காத்து கருப்பு என்றால் சிரிப்பேன். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

கணவாய் குறுகும் இடத்தில் பாறைக்குப் பாறை ஒரு பழைய மதில். படை வராமல் காக்க எந்த ராஜாவோ கட்டின பட்டணம் என்பார்கள். உள்ளே இப்போது கள்ளியும் கருங்கல்லும்தான். வாசல் உண்டு, கதவு இல்லை, கதவு சுழன்ற குழி மட்டும் கல்லில் இருக்கிறது. பொழுது சாயும் நேரம் கன்னையா அந்த வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ போய்க்கினே இரு நைனா. ராஜா ஊட்டுக்கு எவனாவது நடந்து போவானா, பல்லக்கு அனுப்பு."

தண்ணீர் தேடி நான் மட்டும் உள்ளே போனேன். தண்ணீர் இல்லை. ஆனாலும் அவன் பாரம் இல்லாமல் தோள் லேசானது சுகமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். திரும்பி வந்து வாசலில் கால் வைத்தபோது இருட்டிவிட்டது. நெற்றியில் மரம் இடித்தது.

தடவிப் பார்த்தால் பலகை, அதில் இரும்புக் குமிழ்கள். தள்ளினேன், உதைத்தேன், தொண்டை கட்டும்வரை அவன் பேரைக் கத்தினேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மதிலில் ஏறவும் வழியில்லை. கடைசியில் அந்தப் பலகையிலேயே சாய்ந்து கிடந்தேன், வெளுக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லாமல் மல்லாக்க விழுந்தேன்.

கன்னையா அங்கேதான் கிடந்தான். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து, விரலெல்லாம் கறுத்த மரச் சிராய்.

"ராத்திரி பூரா தட்டினேனே, ஏன்டா தொறக்கல?" என்றான். நான் கத்தினதைச் சொன்னேன், அவன் நம்பவில்லை. "நாலு பேரோட சிரிச்சிக்கினு இருந்தே. கொஞ்ச நேரம் கெடக்கட்டும்னு நீதான் சொன்னே."

அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. தண்ணீர் தேடி நின்றபோது மனசில் நினைத்தேன், அவ்வளவுதான். அது எப்படி அவன் காதுக்குப் போனது என்று இன்றைக்கும் தூக்கம் கெடுகிறது.

மாட்டு வண்டி பிடித்துப் பொன்னேரி வருவதற்குள் அவன் செத்துப்போனான்.

மறுநாள் காலை கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி கட்டும் இடத்தில் வேலை கேட்டேன். நாலாங்கிளாஸ் படித்தவன் என்றதும் மேஸ்திரி வாட்ச்மேனாக நிற்கச் சொன்னார், நிழலில் உட்காரும் வேலை, சாயங்காலம் கேட்டைப் பூட்டினால் போதும் என்றார். மண் சுமக்கிறேன் என்று கூடையை எடுத்துக்கொண்டேன்.